வாயைத் திறக்காமல் கல்லூரியில் தேறுவது எப்படி

அன்பும் அறிவும் ஒருசேர வாய்த்தவளும், வீட்டில் கேள்விப்பெட்டி என்று பெயர் வாங்கியவளுமான என் தங்கை மகளுக்கு, உன் தாய்மாமன் ஆபீஸ் லிஃப்டில் ஸ்டூலில் உட்கார்ந்தபடி எழுதிக்கொள்வது. நான், உன் அத்தை, உன் அம்மா மூவரும் சௌக்கியம். என் முழங்கால் இரண்டும் மட்டும் சௌக்கியம் இல்லை. அதற்கான காரணம் பின்னால் வரும். உன் சௌக்கியம் எப்படி இருக்கிறது என்பதை நீ அனுப்பிய ஃபாரத்திலிருந்தே தெரிந்துகொண்டேன்.

இது இப்படித்தான் ஆகும் என்று எனக்கு அன்றைக்கே தெரியும். நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினாயே, அந்த நிமிஷமே உன் அத்தையிடம் சொன்னேன், "பாத்துக்கோ, இவ முதல் பரீட்சையில கோட்டை விடப்போறா" என்று. நான் அப்படிச் சொல்லவே இல்லை என்கிறாள் அவள் இப்போது. "நீங்க அப்படியா சொன்னீங்க? ரெண்டே வருஷத்துல இவ அந்தக் காலேஜுக்கே பாடம் நடத்துவான்னு சொன்னீங்க" என்கிறாள். ஆழமாக யோசித்தால் இரண்டும் ஒன்றுதான். ஆழமாக யோசிக்க அவளுக்கு நேரமில்லை, எனக்கும் இப்போது தெம்பில்லை. ஐந்து பாடத்தில் மூன்று போய்விட்டது, கல்லூரியை விட்டு விலகுகிறேன், ஃபாரத்தில் பாதுகாவலர் கையெழுத்து வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள் அலுவலகத்தில் கொடுத்தாக வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். உன் அப்பா கப்பலில் சமையல்காரராகப் போய், தான் எந்தக் கடலில் இருக்கிறோம் என்று தனக்கே தெரியாமல் இருக்கிற மனுஷர் என்பதால், நீ சேரும்போது பாதுகாவலர் என்று கையெழுத்துப் போட்டவன் நான். கையெழுத்தின் கீழே இரண்டு கோடு இழுத்து மேலே ஒரு புள்ளி வைத்தேன், அந்தக் கிளார்க்கு அதைப் பார்த்துவிட்டு எழுந்தே நின்றுவிட்டார். அப்படிப்பட்ட கையெழுத்தை விலகுவதற்கும் போடு என்கிறாய்.

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். "மாமா, நீங்க சொன்னபடியே நாலு மாசம் வாயைத் திறக்காம தலையாட்டினேன். எனக்கு ஒண்ணுமே புரியலைன்னு எனக்கு மட்டும்தான் தெரியும். இனிமே போய்க் கேட்டா, இத்தனை நாள் என்ன பண்ணிட்டிருந்தேன்னு கேப்பாங்க. அதுக்கு என்கிட்ட பதில் இல்ல. கையெழுத்து மட்டும் போட்டு அனுப்புங்க. வேற எதுவும் எழுதாதீங்க" என்று இருந்தது. இதில் கடைசி வரி மட்டும் மை கலைந்து எனக்குப் படிக்க வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

இரு, நாலாவது மாடியில் மணி அடிக்கிறார்கள்.

வந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை உன் அம்மா எங்கள் வீட்டுக்கு வந்தாள். செருப்பைக் கழற்றுவதற்கு முன்னாலேயே கையில் இருந்த காகிதக் கட்டை என் முன்னால் போட்டாள். நீ கல்லூரியில் சேர்ந்தபோது நான் உனக்கு எழுதிய பன்னிரண்டு பக்க அறிவுரைக் கடிதம்! நீ பத்திரமாக வைத்திருந்து விடுமுறைக்கு வந்தபோது வீட்டில் விட்டுப் போயிருக்கிறாய். "அண்ணே, இதை எழுதினது யாரு?" என்றாள். "கையெழுத்தப் பாத்தா தெரியல? எவ்வளவு அழகா இருக்கு" என்றேன். "அழகாத்தான் இருக்கு. கேக்காதேன்னு அழகா எழுதியிருக்கீங்க. ரெண்டு வயசுல வாயைத் திறந்தவ பதினேழு வயசு வரைக்கும் மூடல. நிலா ஏன் கூடவே வருது, உப்பு ஏன் கரையுது, மாமா ஏன் எப்பவும் பேசிட்டே இருக்காருன்னு என் உசிர வாங்கினவ. நானே மூட முடியாத வாயைப் பன்னெண்டு பக்கத்துல மூடிட்டீங்களே!" என்றாள். உள்ளேயிருந்து உன் அத்தை, "அவருக்கென்ன, லிஃப்ட் கதவ மூடி மூடிப் பழக்கம்" என்று குரல் கொடுத்தாள். சொந்த வீட்டில் எனக்குள்ள மரியாதை இவ்வளவுதான். ஆனால் உன் அம்மா அதற்குச் சிரிக்கவில்லை. நாற்காலி நுனியில் உட்கார்ந்து, "அவ வந்துட்டா என் தையல் மெஷினுக்குப் பக்கத்துல இன்னொரு மெஷின் போடணும். காலர் தைக்கணும். நாள் பூரா காலர். எனக்குப் பரவாயில்ல அண்ணே, எனக்கு அது மட்டும்தான் தெரியும். அவளுக்கு என்னென்னமோ தெரிஞ்சுக்கணும்னு இருந்துச்சே" என்றாள். அதற்கு நான் ஒரு பிரமாதமான பதில் சொன்னேன். என்ன சொன்னேன் என்று இப்போது ஞாபகமில்லை.

அந்தக் கடிதத்தைத் திரும்ப ஒரு முறை வாசித்துப் பார்த்தேன். தப்பு என்று ஒன்றும் இல்லை. வகுப்பில் வாயைத் திறக்காதே, கேட்கிறவன் தெரியாதவன் என்று நாலு பேருக்குத் தெரிந்துவிடும்; இருக்கிறதிலேயே உயரமான ஆளுக்குப் பின்னால் உட்கார்; ஆசிரியர் எங்கே நிறுத்துகிறாரோ அங்கே தலையை ஆட்டு, சந்தேகம் வந்தால் இன்னும் வேகமாக ஆட்டு; கையில் எப்போதும் ஒரு தடிப் புத்தகம் இருக்கட்டும், எது என்பது முக்கியமில்லை. எல்லாம் நான் கல்லூரியில் இரண்டு முழு வருஷம் குப்பை கொட்டிச் சேர்த்த அனுபவம். அந்த இரண்டு வருஷக் கதை உனக்குத் தெரியும். முதல்வரே என் கையைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, உனக்குக் கத்துக்குடுக்க இங்க இனிமே சரக்கு இல்லப்பா" என்று வாசல் வரை வந்து வழியனுப்பியதும், இரண்டு பேராசிரியர்கள் கண் கலங்கியதும். போன கல்யாணத்தில் சொன்னபோது மூன்று பேராசிரியர்கள் என்று சொன்னேனாம், உன் அத்தை கணக்கு வைத்திருக்கிறாள்.

சரி, எழுதினவன் நான், நானே போய்ச் சரி செய்கிறேன் என்று நேற்று திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு, உனக்குச் சொல்லாமல், உன் வேதியியல் ஆசிரியையைப் பார்க்க உன் கல்லூரிக்கு வந்தேன். ஆமாம், வந்தேன். கோபப்படாமல் மேலே படி. வாசலில் காவலாளி ஒரு நோட்டை விரித்து வைத்துக்கொண்டு, "எங்க போகணும்?" என்றான். "உள்ள" என்றேன். அவனும் எழுதிக்கொண்டான். உள்ளே போனால் மூன்று கட்டடம், மூன்றும் ஒரே மஞ்சள், மூன்றுக்கும் ஒரே மாதிரி படிக்கட்டு, கதவுகளின் மேலே இருந்த பலகைகளில் எழுத்து பாதி போய்விட்டது. யாரிடமாவது கேட்டிருக்கலாம் என்பாய். முப்பத்தொரு வருஷமாக ஏழு மாடிக்கு வழி சொல்லுகிறவன் நான், நான் போய் ஒருத்தனிடம் வழி கேட்பதா? கையில் ஃபைல் வைத்திருந்த ஒன்பது பேர் ஒரு திசையாகப் போனார்கள், படித்தவர்கள் போகிற இடம் சரியான இடமாகத்தான் இருக்கும் என்று பத்தாவது ஆளாக நானும் போனேன், அவர்கள் பெஞ்சில் உட்கார்ந்தார்கள், உட்கார்ந்தேன், பெயர் கேட்டார்கள், சொன்னேன், உள்ளே கூப்பிட்டார்கள், போனேன். மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். ஒருவர் வழுக்கை, ஒருவர் கண்ணாடி, ஒருவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். ஆசிரியையைக் காணவில்லை. சரி, இவர்களைத் தாண்டித்தான் அவரிடம் போகவேண்டும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

"அனுபவம் எத்தன வருஷம்?" என்றது வழுக்கை. "முப்பத்தொண்ணு" என்றேன். "கண்ணாடிச் சாமானெல்லாம் கையாண்டிருக்கீங்களா?" தலையாட்டினேன். "ஆசிட்?" இன்னும் வேகமாக ஆட்டினேன். "இப்ப எங்க வேலை?" "ஏழு மாடிக் கட்டடம். ஏழும் என் பொறுப்பு. எத்தனையோ அதிகாரிகள மேல கொண்டுவந்திருக்கேன்" என்றேன், பொய்யில்லையே. மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். டீ குடித்தவர் கோப்பையைக் கீழே வைத்தார். "இவரே போதும் சார்" என்றார். அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, அது லேப் உதவியாளர் வேலைக்கு ஆள் எடுக்கிற இடம். பத்துப் பேரில் நான் முதலாவதாகத் தேறிவிட்டேன். இதைத்தான் நான் அன்றைக்கே எழுதினேன், தலையாட்டு, தேறலாம் என்று. என்ன ஒன்று, தேறின பிறகு வேலை செய்யச் சொல்கிறார்கள். "ஆள் இல்லாம பதினஞ்சு நாளா லேப் கிடந்து அல்லாடுது, இப்பவே ஆரம்பிச்சிடுங்க" என்று ஒரு நீலக் கோட்டை மாட்டி, நாற்பது கண்ணாடிக் குடுவை அடுக்கிய தட்டைக் கையில் கொடுத்து, "நாலாவது மாடி" என்றார்கள். இதெல்லாம் எதற்கு, நான் வந்தது வேறு விஷயத்துக்கு என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். ஆனால் ஏற்கெனவே அத்தனை தடவை தலையாட்டியாகிவிட்டது. இனிமேல் சொன்னால் அசிங்கம்.

லிஃப்ட் வாசலுக்குப் போனேன். "பழுது" என்று அட்டை தொங்கியது. என் வாழ்நாளில் இப்படி ஓர் அவமானம் நேர்ந்ததில்லை. நாலு மாடி, எண்பத்தெட்டுப் படி, ஒவ்வொரு படியிலும் நாற்பது குடுவையும் சேர்ந்து என்னைப் பார்த்துப் பல்லை நறநறவென்று கடித்தன. மூன்றாவது மாடித் திருப்பத்தில் ஒரு குடுவை மட்டும் தானாக விருப்பப்பட்டுக் கீழே இறங்கிவிட்டது. அங்கே சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கியபோது ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தேன். நீ முற்றத்தைக் கடந்து போய்க்கொண்டிருந்தாய். தனியாக. நான் சொன்ன தடிப் புத்தகம் கையில். நீ அதைச் சுமந்த விதத்தைப் பார்த்தால் படிக்கிற புத்தகமாகத் தெரியவில்லை, என் கையில் இருந்த தட்டு மாதிரித்தான் இருந்தது. கூப்பிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. நீலக் கோட்டில் என்னைப் பார்த்தால் ஏன் என்று கேட்பாய். கேட்டிருப்பாயா? முன்னே என்றால் கேட்டிருப்பாய்.

மணி. ஆறாவது மாடி. இரு.

நாலாவது மாடி லேபில் ஒரு குள்ளமான அம்மாள், கை முழுக்கச் சாக்பீஸ் தூள், சிவப்புப் பேனாவால் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தார். "புது ஆளா? அங்க வைங்க" என்றார். வைத்தேன். வைத்த இடத்துக்குப் பக்கத்தில் ஏற்கெனவே திருத்தி முடித்த பரீட்சைப் பேப்பர் கட்டு, மேலே உன் கையெழுத்து, அதன் மேலே பதினாலு என்று சிவப்பில். என்னை அறியாமல், "இது எங்க பொண்ணு" என்று சொல்லிவிட்டேன். அந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்தார். கோட்டைக் கழற்றினேன். நான் யார், எதற்கு வந்தேன், எப்படி வேலை கிடைத்தது என்பதையெல்லாம் சொன்னேன். "ஓ!" என்றார். "உயரமா ஒரு பையன் உக்காந்திருப்பான், அவன் தோளுக்கு மேல ஒரு தலை மட்டும் எட்டிப் பாத்து ஆடுமே, அந்தப் பொண்ணா?" "அவளேதான்" என்றேன், பெருமையாக. ஆசிரியை பேனாவை மூடி வைத்தார்.

"ஐயா, என் வகுப்புல அறுபது பேர். அம்பத்தொம்பது பேர் செலை மாதிரி இருப்பாங்க. அந்த ஒரு தலைதான் ஆடும். அது ஆடினா சரி, புரிஞ்சுபோச்சுன்னு அடுத்த பாடத்துக்குப் போயிடுவேன். அவ வேகமா ஆட்டினா, ரொம்பத் தெரிஞ்ச விஷயம் போலன்னு ரெண்டு பக்கத்தத் தாண்டிப் போயிடுவேன். இந்தத் தடவை பாடத்த ஒரு மாசம் முன்னாடியே முடிச்சேன். துறைத்தலைவர் பாராட்டி லெட்டர் குடுத்தாரு" என்றார். "பரீட்சையில?" என்றேன். "நாப்பத்தேழு பேர் காலி" என்றார். புரிகிறதா, கேள்விப்பெட்டி? நீ ஒருத்தி தோற்கவில்லை. நாற்பத்தேழு பேரை உன் தலையை வைத்து நாம் இருவரும் சேர்ந்து தோற்கடித்திருக்கிறோம். குடும்பத்தில் இவ்வளவு பெரிய காரியம் வேறு யாரும் செய்ததில்லை.

"அந்தப் பொண்ணுக்கு இப்படித் தலையாட்டச் சொல்லிக்குடுத்தது யாரு?" என்று கேட்டார். "தூரத்து உறவு ஒருத்தர், ரெண்டு வருஷம் காலேஜ்ல படிச்சவரு" என்றேன். "அந்த ஆள் மழைக்குக்கூடக் காலேஜ் பக்கம் ஒதுங்கியிருக்க மாட்டாரு" என்றார். எனக்குச் சுருக்கென்றது. விட்டுக்கொடுத்துவிட்டேன், உனக்காக. பிறகு கதவைக் காட்டினார். "சந்தேகம் கேட்க வரலாம், மாலை நாலு முதல் ஐந்து" என்று எழுதி ஒட்டியிருந்தது. "தெனம் கதவத் தெறந்து வெச்சிட்டு உக்காந்திருக்கேன். இந்த வருஷம் வந்தது ரெண்டே பேரு. ஒருத்தர் கடிகாரத்துக்கு பேட்டரி மாத்த வந்தாரு. இன்னொருத்தர் நீங்க" என்றார். அடுத்த மாதம் மறுதேர்வு இருக்கிறதாம், முதல் பாடத்திலிருந்து திரும்ப நடத்த அவர் தயாராம். ஆனால் புரியவில்லை என்று ஒரே ஒரு மாணவராவது வந்து சொன்னால்தான் அவர் மேலிடத்தில் நேரம் கேட்க முடியும். அவராகப் போய்க் கேட்டால் பாராட்டு லெட்டரைத் திருப்பி வாங்கிக்கொள்வார்களாம். "இத்தன நாள் என்ன பண்ணேன்னு அவளக் கேப்பீங்களா?" என்று உனக்காகக் கேட்டேன். அந்த அம்மாள் சிரித்தார். "நான் எப்படிக் கேப்பேன்? அப்புறம் அவ என்னக் கேட்டா?" என்றார்.

அந்த வேலையைப் பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆளுக்குக் கொடுங்கள் என்று அந்த மூவரிடமும் வாதாடி வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன். வாதாடினேன் என்றால், கோட்டை மேஜையில் வைத்தேன், அவர்களே புரிந்துகொண்டார்கள்.

ஆகவே என் புதிய அறிவுரை. முதல் வரிசையில் உட்கார், மறைக்க யாரும் இல்லாத இடத்தில். தலையை ஆட்டுவதை அடியோடு நிறுத்து, கழுத்து வலித்தால்கூட அசைக்காதே. அந்தத் தடிப் புத்தகத்தை எடுத்த இடத்தில் வை. வியாழக்கிழமை காலை இந்தக் கடிதம் உன் கைக்கு வரும். அன்று மாலை நாலு மணிக்கு அந்தத் திறந்த கதவுக்குள் போய், "புரியல" என்று சொல். முழு வாக்கியம்கூட வேண்டாம். பழைய கடிதத்தில் கேட்காதே என்று நான் எழுதியதற்கும் உள்ளர்த்தம் இதுதான், நீ மேலோட்டமாகப் படித்துவிட்டாய். நான் லிஃப்டில் தினம் பார்க்கிறேன். பென்ஷன் மாடி எது, பத்திர மாடி எது என்று கேட்கிறவர்கள் கேட்டுவிட்டு இறங்கிப் போய்விடுகிறார்கள். கேட்காத ஒரு ஜாதி இருக்கிறது. மூலையில் நின்று எண்களையே பார்ப்பார்கள், ஏழு வரை வருவார்கள், வேண்டுமென்றே வந்தவர்கள் மாதிரி திரும்பக் கீழே போவார்கள். அவர்களுக்கு மட்டும் நான் முகத்தைப் பார்க்காமல், காற்றைப் பார்த்துச் சொல்வேன், "பென்ஷன் மூணாவது மாடி, இடது பக்கம் ரெண்டாவது கதவு" என்று. சத்தமில்லாமல் இறங்கிவிடுவார்கள். ஒரு தடவைகூடத் தவறியதில்லை. எப்படித் தெரியும் என்று உன் அத்தை கேட்டாள், தொழில் ரகசியம் என்றேன்.

ஃபாரம் என் சட்டைப் பையில் இருக்கிறது. கையெழுத்துப் போடவில்லை. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு நேரில் வருகிறேன். வியாழக்கிழமை நீ அந்தக் கதவுக்குள் போய் வந்த பிறகும் விலகத்தான் வேண்டும் என்றால், உன் முன்னாலேயே போடுகிறேன், இரண்டு கோடும் புள்ளியும் வைத்து. ஒரு கேள்விகூடக் கேட்க மாட்டேன். உன் அம்மா காலர் தைத்துக்கொண்டே உன்னை விசாரித்தாள். உன் அத்தை இந்தக் கடிதத்தைத் தன்னிடம் காட்டிவிட்டு அனுப்பச் சொன்னாள், காட்டவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு. உன் வாய் பழையபடி திறந்து, எங்கள் எல்லோர் உயிரையும் வாங்கும்படி நீ நீடூழி வாழ வேண்டும் என்று ஆசீர்வதிக்கிறேன்.

இப்படிக்கு,
இரண்டு வருஷக் கல்லூரி அனுபவத்தோடும் வீங்கிய முழங்காலோடும்,
உன் மாமா

பி.கு.: ஒட்டிய உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். லிஃப்டில் இப்போது யாரும் இல்லை. குடுவை நாற்பது என்றது பதினெட்டாக இருக்கலாம், அதை விடு. இன்னொன்று இருக்கிறது. அந்த இரண்டு வருஷம் கிடையாது. முதல்வரும் கிடையாது, கண் கலங்கின பேராசிரியர்களும் கிடையாது. நான் கல்லூரிக்குப் போனது பதினோரு நாள். முதல் நாள் என் வகுப்பு எது என்று தெரியவில்லை, கேட்க வெட்கமாக இருந்தது, கூட்டம் போன அறைக்குள் போய் உயரமான ஒருத்தனுக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டேன். நான் சேர்ந்தது வரலாறு. அங்கே நடந்தது மூன்றாம் வருஷக் கணக்கு. பெயர் கூப்பிடும்போது என் பெயர் வரவில்லை, விட்டுப்போயிருக்கும் என்று நினைத்தேன். எல்லோரும் தலையாட்டினார்கள், ஆட்டினேன். விஷயம் புரிந்தபோது பதினோரு நாள் ஆகியிருந்தது. இனிமேல் போய்க் கேட்டால், இத்தனை நாள் என்ன பண்ணிக்கொண்டிருந்தாய் என்று கேட்பார்கள், அதற்கு என்னிடம் பதில் இல்லை. நீ எழுதியிருக்கிறாயே, அதே வரி. பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டேன். உன் அம்மாவுக்குக்கூடத் தெரியாது. வெள்ளிக்கிழமை வாசலில் அந்தக் காவலாளியிடம் வழி கேட்டுக்கொண்டுதான் உள்ளே வருவேன். அந்தப் பதினோராவது நாள் கிளம்பும்போது திரும்பிப் பார்த்தேன். எதிர் அறையிலேயே வரலாறு நடந்துகொண்டிருந்தது. கதவு திறந்துதான் இருந்தது.